கோட்டுப் பைக்கு ஏற்றது

கடிதம் எண் 1
வில்லோ பெண்ட், நெப்ராஸ்கா
அக்டோபர் 8, 2013

அன்புள்ள வெர்லா அக்காவுக்கு,

தம்பி லாம்பர்ட் எழுதிக்கொள்வது. நான் நலம். விரல் மூட்டுகள் மட்டும் காலையில் ஒரு மணி நேரம் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அரிசோனா வெயில் அதற்கு ஒத்துக்கொள்கிறதா?

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். சிரிக்காமல் படி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெண்டல் என்னைக் கோட்டு மாட்டும் அறைக்குள் கூட்டிப்போனார். நம் தேவாலயத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஓமஹாவிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனால் எல்லாச் சாவிகளும் அவரிடம் இருக்கின்றன.

"பெரியவரே, முப்பத்தோரு வருஷமா வாசல்ல நின்னு வர்றவங்கள உக்கார வெக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாத மொகம் கிடையாது. அந்த எடத்துல ஒரு துப்பாக்கி இருக்கணும். வெளிய தெரியக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்குறது" என்றார்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "என்ன அளவுல?" என்ற கேள்வி.

அது முதல் ஒரு நோட்டில் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீளம், எடை, எத்தனை தோட்டா, விசை எவ்வளவு கனம். ஆற்றின் நீர்மட்டத்தை முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு அட்டவணை இல்லாமல் எதையும் வாங்கத் தெரியாது. மெர்ல் அத்தான் இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் பையில் அடங்க வேண்டும். என் கைக்கும் அடங்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று உலகத்தில் இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
லாம்பர்ட்


டூசான், அரிசோனா
அக்டோபர் 17

தம்பி லாம்பர்டுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். எழுபத்து நாலு வயதிலும் கடிதத்துக்கு எண் போட்டு, நகல் எடுத்து வைக்கிறாயா? உன்னைத் திருத்த முடியாது.

சிரிக்காமல் படி என்று எழுதினால் எப்படி சிரிக்காமல் இருப்பது? கோழியைப் பிடித்து வா என்று அப்பா சொன்னபோது கோழியிடம் மன்னிப்புக் கேட்டவன் நீ. உன்னைப் போய் ஆயுதம் ஏந்தச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வெண்டலுக்குக் கண்ணில் ஏதாவது கோளாறா?

சரி, கேட்டதற்குப் பதில். இடுப்பில் செருகாதே. மெர்ல் இடுப்பில்தான் வைத்திருந்தார். கடைவீதிக் கழிப்பறையில் உட்காரும்போது கழற்றி, காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்து, மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து சூப் குடித்தார். திரும்பி ஓடியபோது அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதைக் காவல் காத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றிருந்தார். கழற்றுகிறவன் மறப்பான். கோட்டுப் பைதான் உனக்கு.

இன்னொன்று. ரோலி கண்ணில் பட்டானா? பெற்றது ஒன்று, அது எங்கே இருக்கிறது என்று மூன்று வருடமாகத் தெரியாது. அந்த ஈஸ்டர் காலை விருந்தில் அவன் குடித்துவிட்டு வந்து, மனைவி ஜனெல்லும் குழந்தையும் பார்க்க, தேவாலயத்து ஜன்னலை உடைத்தான். விவாகரத்து ஆனது நியாயம்தான். ஆனால் போனில் நான் அவனிடம் சொன்ன வார்த்தை எந்தத் தாயும் சொல்லக் கூடாதது. அதோடு அவன் எண்ணும் மாறிவிட்டது. ஊரில்தான் இருக்கிறானா என்றாவது எழுது.

அன்புடன்,
வெர்லா


கடிதம் எண் 2
வில்லோ பெண்ட்
அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜோலீனின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். என் அட்டவணையைக் கடைசி வரை படித்தாள். பிறகு அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"இது கெடக்கட்டும். கைய நீட்டுங்க பெரியவரே."

நீட்டினேன். மருத்துவர் போல ஒவ்வொரு விரலையும் மடக்கிப் பார்த்தாள். தட்டையான ஒரு பிஸ்டலைக் கொடுத்து, மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கச் சொன்னாள். அது அசையவே இல்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"என்கிட்ட சொல்றீங்களா, துப்பாக்கிகிட்டயா?"

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, குழல் மேல்நோக்கித் திறந்துகொள்ளும் சின்னப் பிஸ்டல். இழுக்கவே வேண்டாம், விசையும் மெதுவானது. "இது ஒங்க கைக்குன்னே செஞ்சது" என்றாள். மற்றது ஐந்து தோட்டா ரிவால்வர். பையின் நூலில் மாட்டாதபடி வழுவழுப்பாக இருந்தது. ஆனால் விசையை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும். முயன்றேன். பாதி வழியில் விரல் நின்றுவிட்டது. "பாத்தீங்களா, வெரல் கும்பிடு போட்டுடுச்சு" என்று சிரித்தாள்.

உடனே வாங்க விடவில்லை. அதே எடையில் ஒரு நீல ரப்பர்த் துப்பாக்கியைக் கொடுத்து, இரண்டு வாரம் பையில் போட்டுக்கொண்டு திரியச் சொன்னாள். புதிதாக வாங்குகிற எல்லாரையும் அப்படித்தான் பழக்குகிறாளாம். நேற்று அதோடு ஆற்றங்கரைக்கு நடந்தேன். மூடுபனி தண்ணீரையும் மணலையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. எது கரை, எது ஆறு என்று இத்தனை வருடம் அளந்தவனுக்கே தெரியவில்லை. பையில் அது ஒரு சின்ன மிருகம் தூங்குவது போலக் கிடந்தது. அதை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெல்ல நடந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. எங்கே நின்றேன், என்ன நினைத்தேன் என்று எதுவும் நினைவில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. நீ பார்த்துக்கொள்.

லாம்பர்ட்


டூசான்
நவம்பர் 7

தம்பிக்கு,

சௌக்கியம். மெர்லின் பழைய பிஸ்டல் ஒன்றைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு உனக்கு அனுப்பலாம் என்று போனேன். தபால் நிலையத்தில் இருக்கிற பெண், "பாட்டி, இதுக்கு ஸ்டாம்பு ஒட்ட மாட்டாங்க, கைவிலங்குதான் மாட்டுவாங்க" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஜோலீன் சொல்வதைக் கேள். கைக்குச் செய்ததை வாங்கு.

உன் கடிதத்தில் மூடுபனிக்கு ஏழு வரி இருக்கிறது. என் மகனுக்கு ஒரு வரி இல்லை.

வெர்லா


கடிதம் எண் 3
வில்லோ பெண்ட்
நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய அனுமதி அட்டைக்கான வகுப்பு முடிந்தது. ஒரு நாள் முழுக்கச் சட்டம், பிறகு சுடும் தேர்வு. எங்களில் ஒரு பல் மருத்துவர், இரண்டு செவிலியர்கள், மக்காச்சோள விவசாயி ஒருவர். ஜோலீனின் சின்னப் பிஸ்டலை இரவல் வாங்கிப் போயிருந்தேன். பயிற்சியாளர் என் பின்னாலேயே நின்று, "கண்ண மூடாதீங்க தாத்தா! குறி அங்க இருக்கு, உங்களுக்குள்ள இல்ல!" என்று கத்திக்கொண்டிருந்தார். எப்படியோ தேறிவிட்டேன். ஓட்டை விழுந்த காகிதத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரு மனிதனின் நிழல் அச்சடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவர மனமில்லை. வழியில் வயலோரம் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ரோலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஊர் முன்பு போல இல்லை, பெரிதாகிவிட்டது. எல்லாரையும் பார்க்க முடிவதில்லை.

லாம்பர்ட்


கடிதம் எண் 4
வில்லோ பெண்ட்
டிசம்பர் 2
(ஓரத்தில் பென்சிலில்: அனுப்பவில்லை.)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை.

நேற்று வெண்டல் கோட்டு அறை அலமாரிக் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த மூன்று படங்களைக் காட்டினார். வாசலில் நிற்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முகங்கள். மூன்றாவது படத்தில் விரலால் தட்டி, "இவன்தான் முக்கியம். ரோலன்ட் டாபர். பழைய ஜன்னல் கேஸு. வாசப்படி தாண்டுனான்னா யோசிக்காதீங்க பெரியவரே" என்றார்.

டாபர் என்ற உன் மகன் பெயருக்கும் கோவாரிக் என்ற என் பெயருக்கும் என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. "தாடி இருக்குமோ என்னவோ" என்று மட்டும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. ஏனென்றால் தாடி இருக்கிறது. எனக்குத் தெரியும்.

அக்டோபரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவன் வருகிறான். எதிரே தானியக் கிடங்கின் ஓரமாகச் சாம்பல் நிற வண்டியை நிறுத்துகிறான். இறங்குவதில்லை. அந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்கி வைத்து, உள்ளே பாடுவதைக் கேட்கிறான். கடைசிப் பாட்டு முடிந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். கதவின் கண்ணாடி வழியாக நான் பார்க்கிறேன். சில சமயம் பாட்டே அந்த வண்டியிலிருந்து வருவது போலத் தோன்றுகிறது.

வெண்டலிடம் சொன்னால் போலீஸ் வரும். உன்னிடம் சொன்னால் உனக்குத் தூக்கம் போய்விடும். யாரிடமும் சொல்லாவிட்டால்? அவன் மகள் டெஸ்ஸாவுக்கு ஒன்பது வயதாகிறது. ஞாயிறுதோறும் என் கையிலிருந்துதான் பாட்டுத்தாளை வாங்கிக்கொள்கிறாள். ஜனெல் அவன் பெயர் கேட்டாலே இன்னும் நடுங்குகிறாள். ஒரு நாள் அவன் வேறு எண்ணத்தோடு இறங்கி வந்தால், அவர்கள் இருவருக்கும் முன்னால் இருக்கிற முதல் ஆள் நான். உன் மகனை நோக்கி நீட்டுவதற்குத்தான் இத்தனை நாளாக அட்டவணை போட்டிருக்கிறேன் என்பது எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

இதற்கு மேல் எழுத வரவில்லை.


கடிதம் எண் 5
வில்லோ பெண்ட்
டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

வாங்கிவிட்டேன். ஐந்து தோட்டா ரிவால்வர். ஜோலீன் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னாள். பையில் நன்றாக அடங்குகிறது, கோட்டு ஒரு பக்கம் தொங்குவதும் தெரியவில்லை. ஆற்றின் ஓரங்கள் உறைய ஆரம்பித்துவிட்டன. நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

லாம்பர்ட்


டூசான்
டிசம்பர் 20

லாம்பர்ட்,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்குத்தான் ஏதோ இருக்கிறது.

மூன்றாம் எண் கடிதம் வந்தது. அடுத்து வந்தது ஐந்து. நாலு எங்கே? தபாலில் தொலைந்தது என்று எழுதாதே. தொலைந்திருந்தால் நீ நகலை எடுத்து மறுநாளே அனுப்பியிருப்பாய். எழுதி வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருக்கிறாய். பொய் சொல்ல நினைத்தவன் எண்ணையாவது மாற்றிப் போட்டிருக்கக் கூடாதா? அதற்குக் கூட உனக்குத் துப்பில்லை.

ரிவால்வரையும் யோசித்தேன். கைக்குச் செய்தது ஒன்று, கையால் சுடவே முடியாதது ஒன்று. நீ இரண்டாவதை வாங்கியிருக்கிறாய். அட்டவணை போட்டு ரொட்டி வாங்குகிறவன் தெரியாமல் இதைச் செய்ய மாட்டான். யாரைச் சுட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறாய்?

ரோலியைப் பற்றி நான் இரண்டு மாதமாகக் கேட்கிறேன். நீ ஆற்றைப் பற்றியே எழுதுகிறாய்.

நாலாம் எண்ணை அனுப்பு.

வெர்லா


கடிதம் எண் 6
வில்லோ பெண்ட்
டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இதனுடன் நான்காம் எண் இருக்கிறது. நீ நினைத்தது சரி. என்னை மன்னித்துவிடு என்று எழுத உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

அவன் இன்னும் வருகிறான்.

லாம்பர்ட்


டூசான்
பிப்ரவரி 11, 2014

தம்பி லாம்பர்டுக்கு,

ஆறு வாரம் பதில் போடாமல் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டினேன். ஒன்றில் போலீஸிடம் சொல் என்றேன். ஒன்றில் சொன்னால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றேன். நாலாவதில் அவனுக்குக் குளிருமே, ஒரு கம்பளி கொடு என்று மட்டும் எழுதினேன்.

ஜனெல்லையும் குழந்தையையும் காப்பாற்று என்று சொல்ல வேண்டியவள் நான். என் மகனைக் காப்பாற்று என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் எப்படிக் கேட்பது? அதனால் எதையும் கேட்கவில்லை. ஒன்று மட்டும். என்ன நடந்தாலும் நடந்தபடி எழுது. எதையும் விடாதே. பனி, ஆறு, மூடுபனி எதையும் எழுதாதே.

தினமும் தபால்பெட்டிக்கு இரண்டு முறை போகிறேன்.

வெர்லா


கடிதம் எண் 7
வில்லோ பெண்ட்
மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

ரோலி உயிரோடு இருக்கிறான். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு படி. ஜனெல்லும் டெஸ்ஸாவும் நலம். நானும் நலம்.

நேற்று, கோடைக்கால நேரக் கணக்குக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற ஞாயிறு. வழக்கம்போலப் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார்கள். சாம்பல் நிற வண்டி வரவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, எதையோ இழந்தது போலவும் இருந்தது. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது கதவுக் கண்ணாடியில் பார்த்தேன். வண்டி நின்றது. அவன் இறங்கிவிட்டான். வலது கையை மேல்சட்டைக்குள் விட்டபடி சாலையைக் கடந்து நேராக வாசலுக்கு வந்துகொண்டிருந்தான்.

எனக்குப் பின்னால் வெண்டலும் பார்த்துவிட்டார். "பெரியவரே, அவன்தான். நகருங்க" என்றார். அவர் கை கோட்டுக்குள் போனது.

என் கையும் பைக்குள் போனது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடாதே என்று எழுதியிருக்கிறாய். கடையில் பாதியில் நின்ற விரல் நேற்று நிற்கவில்லை, அக்கா. பன்னிரண்டு பவுண்டையும் இழுக்கத் தொடங்கியது. பைத் துணிக்குள் உருளை திரும்புவதைத் தொடையில் உணர்ந்தேன். என்னால் முடியாது என்று நம்பித்தான் அதை வாங்கினேன். என்னால் முடியும். இன்னும் ஒரு நெல்மணி அளவு இழுத்திருந்தால், என் கால் போயிருக்கும், அல்லது கதவு, அல்லது அவன்.

விரலை எடுத்தேன். கையையும் வெளியே எடுத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், வெண்டலுக்கு முதுகைக் காட்டி, அவனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றேன்.

"என்ன மாமா, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே? அதுக்குள்ள வந்து நிக்கிற?" என்றான் ரோலி.

"கடிகாரத்த முன்னால தள்றதுக்குப் பதிலா பின்னால தள்ளிட்டியாடா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. அவன் முகம் மாறியது. யாரும் வருவதற்கு முன்னால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான். வெறும் பெஞ்சில்.

"டெஸ்ஸா உள்ள இருக்காளா?"

"இருக்கா. ரெண்டு நிமிஷத்துல கதவு தெறக்கும்."

"அய்யோ. அவ என்னைப் பாக்கக் கூடாது மாமா."

"சட்டைக்குள்ள என்ன வெச்சிருக்கே?"

"உன் பையில இருக்குறதுதான், ஊருக்கே தெரியுமே. வெண்டல் ஆளுங்க எல்லாம் எதுக்கு வெச்சிருக்காங்களோ, அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

"யாருக்கும் இல்ல மாமா. சில நாள் எனக்குன்னு தோணும். அதான் இங்க வந்து உக்காந்துக்குவேன். பாட்டு முடியற வரைக்கும் தோணாது."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்தது போல. வண்டிக்கு நடந்தோம். முதுகில் வெண்டலின் பார்வை குத்திக்கொண்டே இருந்தது. அவர் சுடவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டு துப்பாக்கிகளையும் இருக்கைக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை நான் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் வெளியே வந்தார்கள். அவன் இருக்கையில் தாழ்ந்து உட்கார்ந்துகொண்டான். டெஸ்ஸா இரண்டு படிகளை ஒரே தாவலில் தாண்டினாள். அவன் அதைப் பார்த்தான்.

பிறகு வெண்டல் வந்து கண்ணாடியைத் தட்டினார். "பெரியவரே, வாசல விட்டுட்டீங்க."

"ஆமா. இவன் என் அக்கா மகன்."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். என் சட்டையில் இருந்த குழுவின் அடையாள வில்லையை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதில் தவறு இல்லை. ஜனெல்லிடம் நடந்ததை அவரே சொல்வதாகச் சொன்னார். அது அவளுக்குத் தெரிய வேண்டியதுதான். ரோலி இனி அந்தப் பக்கம் வண்டியை நிறுத்த மாட்டான் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை ஜோலீனின் கடையில் இரண்டையும் ஒப்படைத்தோம். அவள் பின்னுவதை நிறுத்தி, "எவ்வளவு நாளைக்கு?" என்றாள். "தெரியல" என்றான் ரோலி. "அப்ப நான் கேக்குற வரைக்கும்" என்று சொல்லி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். புதன்கிழமை பத்து மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை அவன் இங்கேதான். இப்போது என் எதிரே உட்கார்ந்து முட்டை சாப்பிடுகிறான். வெளியே கொக்குகள் ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. எழுதாதே என்றாய், ஆனால் அவன் கையில் முள்கரண்டியோடு எழுந்து போய் ஜன்னலில் பார்த்தான். அதனால் எழுதினேன்.

உன் முழங்கால் பயணத்துக்குத் தாங்குமா?

உன் தம்பி,
லாம்பர்ட்

பின்குறிப்பு: விட்டது ஏதாவது இருக்கிறதா என்று இதை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் என் பேனாவை வாங்கித் திருத்தினான். "சில நாள் எனக்குன்னு தோணும்" என்பதில் 'சில'வை அடித்து 'பல' என்று எழுதியிருக்கிறான். "அம்மாகிட்ட சரியாவே சொல்லு மாமா" என்றான். தெளிவாக வேறு தாளில் எழுதி அனுப்பலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இதையே அனுப்புகிறேன். அந்த ஒரு வார்த்தை அவன் கையெழுத்து.